கொடுக்கைக் கட்டுன நண்டு

குடியை விட்டாச்சு, அப்பவும் வீட்டுல நம்ப மாட்டேங்காகன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே... ஒரு குட்டிக் கதை சொல்லுதேன், மூஞ்சியைக் கொஞ்சம் இறக்கி வைங்க.

கடற்கரையில ஒரு ஊரு. ஒரு வருஷம் கப்பல் ஒண்ணு கவுந்து, எண்ணெயெல்லாம் கடல்ல கொட்டிட்டு. வழிச்சு அள்ளியாச்சு. மேல பாத்தா தண்ணி பளபளன்னு இருக்கு. ஆனா அந்த ஊர் மீனை ஒரு வியாபாரியும் தொட மாட்டேங்கான். "கடல் சரியாயிட்டுன்னு செண்பகவல்லி மேடம் எழுதித் தரட்டும், வாங்குதோம்"ங்கான். அந்த ஆராய்ச்சி மேடம் வருஷா வருஷம் வருவாங்க. வள்ளத்துல போயி, மிதவை போட்ட இடத்துல இரும்பு வாளியை இறக்கி, அடிச்சேத்தை அள்ளி, சல்லடையில அலசி, என்ன உயிர் இருக்குன்னு பாப்பாங்க. மூணு வருஷமும்... ஒண்ணுமில்ல.

ஊர்த் தலைவர் வியாகப்பன் பொறுத்துப் பொறுத்துப் பாத்தாரு. நாலாவது வருஷம் என்ன செஞ்சாரு? சந்தைக்குப் போயி ரெண்டு கூடை உயிர் நண்டு வாங்கி, மிதவைக்கு நேர் கீழ கொட்டிட்டு, ஒண்ணுந் தெரியாத மாதிரி வந்து நின்னாரு!

மேடம் வாளியைத் தூக்குனாங்க. உள்ள... பெரிய நண்டு!

"பாத்தீகளா மேடம்! நம்ம கடல் பொழச்சிட்டு!"ன்னு துள்ளுதாரு.

மேடம் நண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "பொழச்சது சரி அண்ணாச்சி... கடலுக்குள்ள வச்சு இதுக்குக் கொடுக்கைச் சணல்ல கட்டுனது யாரு?"

சந்தையில கட்டி வித்த சணலை அவுக்க மறந்துட்டாருய்யா மனுசன்!

"எங்க சனம் பட்டினி கிடக்கு மேடம்..."ன்னு அழுதுட்டாரு. மேடம் திட்டல. சல்லடையைக் காட்டுனாங்க. நூலு கணக்கா ரெண்டு புழு நெளியுது. "இதுதான் தானா வந்தது. முதல்ல புழு வரும், சேத்தைக் கிளறிவிடும். பொறவு மட்டிச் சிப்பி வரும். நண்டெல்லாம் கடைசியில. இன்னும் பல வருஷம் ஆகும் அண்ணாச்சி."

அன்னையிலேருந்து அங்க எவனாவது நங்கூரம் போட்டா, வியாகப்பன் கரையில நின்னு கத்துவாரு. "ஏலே, தூக்குலே அதை! கீழ என் புழு கிடக்கு!"

சிரிக்கீக. மூணு மாசம் குடிக்காம இருந்துட்டு, பட்டுச்சேலை வாங்கிக் குடுத்தும் பொண்டாட்டி நம்பலன்னு என்கிட்ட புலம்புனது யாரு? அந்தச் சேலை... கொடுக்கைக் கட்டுன நண்டுய்யா! நீங்க ஊத்துறதை நிறுத்தியாச்சு, சந்தோசம். அவ மனசுக்கு அடியில எத்தனை வருஷத்து எண்ணெய் கிடக்கு?

இன்னைக்குக் கிளம்பும்போது, "சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு சொன்னாளா இல்லையா? அதுதான்யா புழு. அது மேல நங்கூரத்தைப் போட்டுராதீக.

எனக்கு அந்த ஒத்தப் புழு வர்றதுக்கு... ஆறு வருஷம் ஆச்சு.