தொடரில் விட்டுப்போன வாரம்

கோரிப்பாளையத்தில் பஸ் ஏறிய அக்காவும் தங்கச்சியும் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்த கறுப்புக் கண்ணாடி. ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் எனக்கு வேறு திறமை கிடையாது.

“நம்ம கதையில விட்டுப்போன வாரத்தை நேத்து வாசிச்சியே, எங்கிட்டுடி பிடிச்ச?” என்றாள் அக்கா.

பள்ளிக்கூட நாளில் வாரப் பத்திரிகையில் வந்த மந்திரத் தொடராம். வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, வருஷா வருஷம் இருவரும் படிக்கிறார்கள். ஒரு வாரம் மட்டும் கிடைக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் இளவரசி கிணற்றுக்குள் இறங்குகிறாள். அடுத்த வாரம் தலை நரைத்து வெளியே வருகிறாள்.

“நேத்துப் பூராம் நான் கொட்டாம்பட்டி வளைகாப்புல இருந்தேன்க்கா.”

நான் இறங்க வேண்டிய ஆரப்பாளையம் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

“மத்தியானம் கண்ணுக்கு மருந்து விட்டு மூடிப் படுத்திருந்தேன். கட்டில்ல உக்காந்து வாசிச்ச. ஓங் குரல்தான். நான் ‘ம்’ கொட்டலைன்னா நிறுத்தி, தூங்கிட்டியான்னு கேட்ட.”

தங்கச்சி அக்கா பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“கெணத்துக்குள்ள என்ன இருந்துச்சாம்?”

“பாதிப் படிதான் எறங்குனா. மிச்சத்தை நாளைக்கு வாசிக்கிறேன்னு எந்திரிச்சுப் போயிட்ட.”

“அக்கா, இனி ஒன்னையத் தனியா விட மாட்டேன். இப்பவே ஒங்கூட வாரேன்.”

“வேணாம்டி.” அக்காவின் குரல் கெஞ்சியது. “எம்புட்டு வருஷமாக் காத்துக் கெடக்கோம். இன்னைக்கு ஒருநா மட்டும் நீ வராத.”