எட்டாம் ஆண்டின் முதல் நாள்

இந்த நாற்காலியில் ஒரு துண்டை விரித்துக்கொள்ளலாமா, மேடம்? என் கால்சட்டை இன்னும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் இந்தத் துணி வெளுத்துவிடும். பொதுச் சொத்து பாருங்கள்.

நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் லெனார்ட் டிரஸ்காட். பூங்காக்களிலுள்ள ஊஞ்சல், சறுக்குமரம் போன்றவற்றால் குழந்தைகளுக்கு ஆபத்து வருமா என்று சோதிப்பது நகராட்சியில் என் வேலை. இருபது வருடமாக என் பொறுப்பிலுள்ள பூங்காக்களில் ஒரு குழந்தைக்குக்கூட முழங்கால் சிராய்த்ததில்லை. ஊஞ்சல்களை எல்லாம் கழற்றிவிட்டேன்.

அம்மா பெயர் ஹெஸ்டர். இந்தக் கிளெவ்டன் ஊரில் கடலைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீடு அவர் பெயரில் இருந்தது. நாங்கள் வசதியானவர்கள் இல்லை. நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்க, வீடு மட்டும் வசதியாகிக்கொண்டே போயிற்று. அம்மா இறந்தால் வாரிசு வரி லட்சத்து இருபதாயிரம் பவுண்டு என்று ஆனது. கணவன் இறந்து விதவையானவர்களுக்குக் கணவனுடைய வரிச் சலுகையும் சேரும். என் அப்பா இறக்கவில்லை; எனக்குப் பதினொரு வயதில் ஒரு பல் வைத்தியரோடு போய்விட்டார். சலுகையும் கூடவே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வழி போட்டிருந்தார்கள். வீட்டை இப்போதே பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஏழு வருடம் உயிரோடு இருந்துவிட்டால் வரி இல்லை. ஊரில் எல்லாரும் செய்வதுதான். எங்கள் தெருவிலேயே மூன்று பேருக்கு ஏழு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் ஆறரையில் போய்விட்டார். அவருடைய பெண்கள் அழுத அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை.

வழக்கறிஞர் ரோவேனா பிரைஸ் பத்திரம் எழுதினார். “இதுல சில நிபந்தனை இருக்கு மிஸ்டர் டிரஸ்காட். அரை மணி நேரம் உக்காந்து பேசணும். அதுக்குத் தனிக் கட்டணம்” என்றார். பத்திரம் மட்டும் போதும் என்றேன். வழியைத்தான் பத்திரிகையிலேயே காசு கொடுத்துப் படித்துவிட்டேனே?

அம்மா யோசிக்கவே இல்லை. “எடுத்துக்கோடா. போறப்ப நான் என்ன தலையிலயா தூக்கிட்டுப் போகப்போறேன்?” என்று கையெழுத்துப் போட்டார். அப்போது அவருக்கு எழுபத்தொன்பது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு விளையாட்டுத் திடலைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்தேன். பயமாக இருந்தது. காலையில் ரொட்டியில் விரல் கனத்துக்கு வெண்ணெய். மாலையில் ஜின். பனி கொட்டினாலும் கடல்நீர் நிரம்பும் கடற்கரைக் குளத்தில் நீச்சல். காலைச் சுற்றிவரும் பூனை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கும் மாடிப்படி. இத்தனைக்கும் மேலே அம்மாவின் காதலர் சிரில்.

வெண்ணெயையும் ஜின்னையும் முதல் வாரத்திலேயே நிறுத்தினேன். பூனையை வெளியூரில் ஒரு பண்ணையில் விட்டேன். மாடிக்குப் போகும் கதவுக்குப் பூட்டுப் போட்டு, அம்மாவைக் கீழே பின்கட்டு அறைக்கு மாற்றினேன். அந்த ஜன்னலில் கார் நிறுத்தும் கொட்டகையின் சுவர் மட்டும் தெரியும். கடல் தெரிந்தால் குளிக்கத் தோன்றும். வாசல் சாவி என்னிடம். தொலைபேசியும் என்னிடம், பேச்சு படபடப்பைக் கூட்டும். இரவு சூப்பில் தூக்க மருந்து கொஞ்சம் கலந்தேன். தூங்குகிறவர்கள் தடுக்கி விழுவதில்லை.

“டேய் லென், நான் வீட்ல இருக்கேனா, ஜெயில்ல இருக்கேனா?” என்று ஒருநாள் கேட்டார்.

“வீட்டில்தான் அம்மா” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

வருடத்துக்கு ஒருமுறை வரும் மருத்துவர் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சிரில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அம்மாவைவிட இரண்டு வயது இளையவர். பக்கவாட்டில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் அம்மாவை உட்கார வைத்து ஊர் சுற்றுகிறவர். பத்திரம் எழுதிய அடுத்த வருடம் வாசலில் வந்து நின்றார்.

“உங்கம்மாவ என் கேரவனுக்கே கூட்டிட்டுப் போயிடறேன் லென். அவளுக்கும் ஆசைதான். நீயும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம்ல?”

அந்தத் தொட்டியில் இருக்கைப் பட்டை கிடையாது, மேடம். அவர் குடியிருக்கும் கேரவன் வண்டியில் எரிவாயு அடுப்பு. நான் வேறு என்ன செய்ய முடியும்? அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார், ஆள் கூட்டாமல் தகனமும் முடிந்துவிட்டது என்றேன். இப்போதெல்லாம் பலர் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் அவர் சந்தேகப்படவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “என்கிட்ட சொல்லிக்காம எங்கயும் போக மாட்டாளே” என்றார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். கிளப்பக்கூட இல்லை.

உள்ளே போய் அம்மாவிடம் சிரில் மாரடைப்பில் இறந்துவிட்டதாகச் சொன்னேன். ஒருவரிடம் மட்டும் சொன்னால் நியாயமாக இராது. அம்மா ஒரு மாதம் அழுதார். அழுவது கண்ணுக்கு நல்லது என்று எங்கோ படித்திருந்தேன்.

இப்படியாக நேற்றோடு ஏழு வருடம் முடிந்தது. இன்று எட்டாம் ஆண்டின் முதல் நாள்.

காலையில் கொழுப்பு வழியும் பன்றிக்கறி பேக்கன் ஆறு துண்டு, வெண்ணெயில் பொரித்த ரொட்டி, ஒரு பெரிய கிளாஸ் ஜின் எல்லாம் வைத்தேன். அம்மா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்னடா, யார் செத்தா?”

“இதுவரைக்கும் யாரும் இல்லை அம்மா.”

என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். அவர் மேலும் சிரமப்பட வேண்டிய அவசியம் இல்லை, அவ்வளவுதான். மாடிப் பூட்டைத் திறந்துவிட்டேன். படிகளுக்கு முந்தின இரவே நன்றாக மெழுகு போட்டிருந்தேன். அவர் பாடிக்கொண்டே இரண்டு தடவை ஏறி இறங்கினார். ஏழு வருடம் நான் பார்த்துப் பார்த்து வளர்த்த உடம்பு. என் வேலையின் தரமே எனக்கு எதிராக நின்றது.

“கடலுக்குப் போகலாமா அம்மா?” என்றேன்.

தலையணைக்கு அடியிலிருந்து நீச்சல் உடையை எடுத்தார். ஏழு வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறது.

குளத்தில் தண்ணீர் நான்கு டிகிரி. நான் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் அம்மா இறங்கிவிட்டார். நான் கரையில் உட்கார்ந்து ரோவேனாவுக்கு நல்ல செய்தி சொல்லக் கூப்பிட்டேன். அப்போது மஞ்சள் கம்பளித் தொப்பி போட்ட ஒரு தலை அம்மாவை நோக்கி நீந்தி வந்தது.

“ஹெஸ்ட்டி? நீ செத்துட்டல்ல?”

“நீதான்யா செத்த! ஒரு மாசம் அழுதேன் உனக்காக.”

“நான் ஆறு வருஷமா அழறேன். எந்தப் படுபாவி உங்கிட்ட சொன்னான்?”

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கையசைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு நம்பிக்கை பிறந்தது. அந்த வயதில், அந்தக் குளிரில், அப்படியோர் அதிர்ச்சி. ஆனால் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒன்பது இருபதுக்குத் தொலைபேசியில் ரோவேனா வந்தார்.

“ஏழும் முடிஞ்சுதா, வாழ்த்துக்கள். அம்மா இப்ப எங்க குடியிருக்காங்க?”

“என்னோடதான், அதே வீட்டில். ஏழு வருஷத்துல ஒரு நாள்கூட வெளியே விட்டதில்ல.”

“ஊர் நிலவரப்படி உங்களுக்கு வாடகை குடுத்தாங்களா?”

“பெத்த தாய்கிட்ட வாடகை வாங்கற ஆள் நான் இல்லைங்க.”

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

“மிஸ்டர் டிரஸ்காட், வீட்டக் குடுத்துட்டு அதே வீட்ல சும்மா குடியிருந்தா, குடுத்ததாவே கணக்கில்ல. உங்க ஏழு வருஷம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அவங்க வேற எங்கயாவது குடிபோற அன்னிக்குத்தான் முதல் நாள். அந்த அரை மணி நேரம் கேட்டது இதச் சொல்லத்தான்.”

தண்ணீரைப் பார்த்தேன். எண்பத்தாறு வயது. வயிற்றில் ஆறு துண்டு பேக்கன். நான்கு டிகிரி. இனிமேல்தான் ஏழு வருடம்.

செருப்போடு குதித்தேன், மேடம். அம்மாவின் கழுத்தைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். அவர் வர மறுத்து என் கையைக் கடித்தார். பிடி வழுக்கி ஒரு தடவை முங்கினார். “டேய், உங்கம்மாவடா அது!” என்று கத்திக்கொண்டே சிரில் என் முதுகில் ஏறினார். மற்ற நீச்சல்காரர்கள் வந்து என்மேல் உட்கார்ந்தார்கள்.

அம்மா இன்றே சிரிலின் கேரவனுக்குக் குடிபோகிறாராம். வெளியே உங்கள் காவலர் சொன்னார். நல்ல செய்தி. இன்றைய தேதியை எங்காவது அழுத்தமாகக் குறித்துவையுங்கள்.

பூட்டு, சூப்பு, இரண்டு பொய்ச் சாவு, மெழுகு எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு வரியைத் திருத்த வேண்டும். காலை ஒன்பதரை மணிக்குத் தாயைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்ல முயன்றதாக எழுதியிருக்கிறீர்கள். அது அபாண்டம். நான் அவரைக் கொல்லப் பார்த்தது ஒன்பது இருபதுவரைதான். ஒன்பதரைக்கு அம்மா நூறு வயது வாழ வேண்டும் என்று என்னைப்போல் மனதார விரும்பிய பிள்ளை இந்த ஊரிலேயே இல்லை.