நின்று விசிறும் நேரம்

துணிக்கடையில் பாட்டு மெதுவாகத்தான் ஓட வேண்டும். வேகமான பாட்டுக்கு வாடிக்கையாளர் வாசலோடு போய்விடுவார். நிதானமான பாட்டென்றால், வேண்டாம் என்று மூளை சொல்வதற்குள் கை துணியைத் தடவிப் பார்த்துவிடும். வெராக்ரூஸ் சந்தையில் முப்பது வருடக் கடை அனுபவம், ஐயா. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஞாயிறு மாலைகளில் சதுக்கத்தில் தான்சோன் ஜோடி ஆட்டத்துக்கு வாசிக்கும் குழுவில் மேளம் அடிக்கிறேன். எங்கள் இசை நடத்துனருக்குக் காது மந்தம். கோலை அவர் அசைப்பார். வேகம் என்னிடம் இருக்கும்.

அங்கே தோன் கசிமிரோவையும் அவர் மனைவி லியோனிலாவையும் போல ஆடியவர்கள் கிடையாது. போன மார்ச்சில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. தேறிய பிறகு கைக்குட்டை வாங்கக் கடைக்கு வந்தவர், தான்சோன் ஆட மட்டும் டாக்டர் சம்மதித்திருக்கிறார் என்றார். நடை மாதிரியான ஆட்டம். அதிலும் பல்லவி வரும்போதெல்லாம் ஜோடிகள் ஆட்டத்தை விட்டு, நின்று விசிறிக்கொள்வது எங்கள் வழக்கம். அந்த ஓய்வுதான் மருந்தாம். நெஞ்சு தாளத்தின் பின்னாலேயே போகும் என்றும் டாக்டர் எச்சரித்திருந்தார்.

"இனிமே என் நெஞ்சு உன் கையிலதான்ப்பா எவோதியோ," என்று சிரித்தார். "துணியில குறைக்கிற மாதிரி அதுலயும் அளவக் குறைச்சிடாதே."

நல்ல வேடிக்கைக்காரர். நானும் சிரித்தேன்.

அன்று மதியமே கடை ரேடியோவை வைத்துக்கொண்டு என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். மெதுவான பாட்டுக்கு எழுபது. அதே நாற்காலியில் அசையாமல் வேகமான பாட்டைக் கேட்டேன், எண்பதைத் தாண்டியது. டாக்டர் படித்தவர்தான்.

அளவைக் குறைப்பவன் ஒரேயடியாக முழம் குறைப்பதில்லை, விரற்கடைதான். ஒவ்வொரு ஞாயிறும் மேளத்தின் வேகத்தை ஒரு மயிரிழை கூட்டினேன். யாருக்கும் தெரியவில்லை. சொல்லப்போனால், கொஞ்ச நாளாக உடம்பு இளமையாக இருக்கிறது, மனசு துள்ளுகிறது என்று கிழவர்கள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒருவருக்காகச் செய்த காரியத்தில் ஊரே பலன் அடைந்ததையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆகஸ்டில், பல்லவியை இரண்டு தடவை வாசிப்பது இழுவையாக இருக்கிறது, ஒன்று போதும் என்று நடத்துனரிடம் யோசனை சொன்னேன். ஒப்புக்கொண்டார். விசிறி விரிவதற்குள் ஓய்வு முடிந்தது.

அந்தக் கடைசி ஞாயிறு தோன் கசிமிரோவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. மேடைக்குப் பக்கத்தில்தான் ஆடினார்கள், எனக்குக் கேட்டது.

"போதும், வா, உக்காரலாம்," என்றாள் லியோனிலா.

"பாட்டு முடியறதுக்குள்ள உக்காந்தா நாளைக்கு ஊரே சிரிக்கும்டி."

அவர் உட்கார மாட்டார் என்று எனக்குத் தெரியும். சரக்கை அறியாமல் நான் கடை போடுவதில்லை. முடிவுப் பகுதியை இன்னும் கொஞ்சம் விரட்டினேன். அவர் விழுந்த பிறகும், யாரோ என் கையைப் பிடிக்கும்வரை அடித்தேன். ஆரம்பித்ததைப் பாதியில் விடுவது எனக்கும் பிடிக்காது.

சான்றிதழில் மாரடைப்பு என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். வேலை என்னுடையது, ஐயா. பெயர் வர வேண்டாமா?

ஏன் என்கிறீர்கள். இருபத்திரண்டு வருடமாக லியோனிலாவின் பாதம் என் மேள அடிக்குத்தான் விழுந்தது. அவர் அவளைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார். அவள் ஆடியது என்னோடு.

போன வாரம் கறுப்புத் துணி வாங்க வந்தாள். மறுபடி சதுக்கத்துக்கு எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"அந்த மேளச் சத்தம் தூரத்துல கேட்டாலே கை காலெல்லாம் நடுங்குது எவோதியோ. குமட்டிக்கிட்டு வருது," என்றாள்.

பார்த்தீர்களா, ஐயா. வேறு எந்த மேளக்காரனாலும் ஒரு பெண்ணை அந்த அளவுக்கு அசைக்க முடியாது.