தலைவர் வரக் கொஞ்சம் நேரமாகும்

இல்ல தம்பி, கார இப்பவே கிளப்பச் சொல்லாதீங்க. தலைவர் வரக் கொஞ்சம் நேரமாகும். யோங் பெங் ஊர்ல ஜனங்க வெயில்ல நிக்கிறாங்களா? நிக்கட்டும் லா. எங்க வீட்டுக்காரரு பேச ஆரம்பிச்சா எப்படியும் நிக்கத்தானே போறாங்க.

மாலைய அந்த பெஞ்சுல வைங்க. நீங்க தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குப் புதுசா வந்த காரியதரிசி, அவரு கத உங்களுக்குத் தெரியாது. இப்ப மலாயா பூரா தலைவர், தலைவர்ங்கிறீங்க. என்னையக் கட்டிக்கிட்டப்ப அவரு கட்டடத்துக்குப் படம் போடுறவரு. இந்தப் பக்கத்துக் கடைவீடு பாதி அவரு போட்ட படந்தான். அப்புறம் சிங்கப்பூர்ல வாத்தியார் உத்தியோகம். செங்கல்லப் பத்திப் பாடம் நடத்தப் போன மனுசன், செங்கல் சுமக்கிறவன் கூலியப் பத்திப் பேசிட்டாரு. பசங்க கைதட்டிட்டானுங்க. அன்னைக்குப் பிடிச்சது சனி, வேலைய விட்டுட்டு சங்கம் சங்கம்னு கிளம்பிட்டாரு.

இந்த வீடும் அவரு படந்தான். அழகா இருக்கா? நல்லாப் பாருங்க. மாடி இருக்கு, சன்னல் இருக்கு, படி எங்க? அலமாக், இப்பத்தான் பாக்குறீங்களா! படிய மட்டும் கடைசியா, அரமனையில இருக்கிற மாதிரி வளைச்சுப் போடுறேன்னாரு. அதுக்குள்ள பெக்கோக்குல கூட்டம். அப்புறம் ஈப்போ, பினாங்கு. ஆறு வருசமா ஏணிதான். ஆசாரிய விட்டு நாலு பலக அடிச்சுக்கிறேன்னா விடமாட்டாரு. அவரு வீட்டுல அடுத்தவன் படி கட்டினா மானம் போயிருமாம்.

சிரிக்காதீங்க தம்பி. போன வாரம் சோத்துத் தட்டோட ஏறுறேன், கால் வழுக்கி விழுந்துட்டேன். இன்னமும் இடுப்ப நிமுத்த முடியல. மேலருந்து எட்டிப் பாத்து என்ன கேட்டாரு தெரியுமா? ரசம் கொட்டிருச்சான்னு. அழுதுட்டேன். தோட்டத்துல ஒவ்வொருத்தன் வலியும் தெரியுது இந்த மனுசனுக்கு, என் வலி தெரியலன்னா எவ்வளவு கோவம் வரும் எனக்கு!

அவரா? மேலதான் இருக்காரு. காலையில பேச்சு எழுத ஏறினாரு. ஏறினதும் ஏணிய எடுத்துட்டேன். வாசல்ல நிக்கிறது உங்க சங்கத்து ஆளுங்க இல்ல, தச்சு வேலைக்காரங்க. அவரு படிக்குப் படம் வரைஞ்சு கீழ போட்டா வேலைய ஆரம்பிச்சிருவாங்க. வேணும்னா நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க. ஆனா நாட்டு நிலவரத்தச் சொல்ல ஆரம்பிச்சிருவாரு, பாத்துக்குங்க.

ஏணியத் தேடாதீங்க தம்பி. அத வெட்டி அடுப்புல வச்சுட்டேன். சோறு வெந்துருச்சு, கையக் கழுவிட்டு வாங்க.