கட்டைக்கு ஒரு கிராம்

பியானோவின் மேல் காப்பிக் கோப்பையை வைக்கக் கூடாது. உங்களுக்குத் தெரிந்திருக்காது, பரவாயில்லை, நானே எடுத்துவிடுகிறேன். நீங்கள் எழுதுங்கள்.

நான் பியானோ சுருதி சேர்ப்பவன். என் தங்கை அதை வாசிப்பவள். வாசித்தவள் என்று எழுதினாலும் சரிதான். சின்ன வயதில் இருவரும் ஒரே டீச்சரிடம்தான் போனோம். நான்கு வருடம் கழித்து டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, "பையனுக்குக் காது இருக்கு, பொண்ணுக்குக் கை இருக்கு" என்றார். அப்பா அந்த மாதமே என் பாடத்தை நிறுத்திவிட்டார். எனக்கு அதில் துளிகூட வருத்தமில்லை. காதை வைத்துப் பிழைத்துக்கொண்டேன்.

அவள் தினமும் ஆறு மணி நேரம் வாசிப்பாள். ஒரே நாலு வரியை நாற்பது தடவை. பக்கத்து அறையில் எனக்கு இருப்புக்கொள்ளாது. உட்காருவேன், எழுந்திருப்பேன், ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். விரல்கள் தொடைமேல் தாமாகவே ஓடும். அவள் தடுக்கி விழுகிற இடத்தில் என் விரல்கள் ஒருநாளும் தடுக்கியதில்லை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெரிய போட்டிக்கு ஏழு மாதம் இருக்கும்போது அந்த யோசனை வந்தது. பியானோவில் விரலால் அழுத்துகிற கட்டையின் பின்பக்கத்தில் சின்ன ஈயத்துண்டு ஒன்றை வைத்தால், அதை அழுத்தக் கூடுதல் பலம் வேண்டும். வீட்டில் கனத்த கட்டையில் பழகியவளுக்கு மேடையில் பஞ்சு மாதிரி இருக்கும். ஓட்டக்காரர்கள் காலில் மணல்பை கட்டிக்கொண்டு ஓடுவதில்லையா? என்ன, கட்டியிருப்பது அவர்களுக்குத் தெரியும். அவள் டீச்சர் வீட்டுக்குப் போகிற நேரம் பார்த்து, கட்டைக்கு வாரம் ஒரு கிராம் ஏற்றினேன்.

"அண்ணா, கட்டை ரொம்பக் கனக்குது. கொஞ்சம் பாரேன்."

பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்தேன்.

"கட்டையெல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் விரல்தான் சோம்பேறி ஆயிடுச்சு."

"அப்படியா சொல்றே?" என்றாள். நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. அன்றிலிருந்து எட்டு மணி நேரம்.

போட்டியில் ஜெயித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, டீச்சரே பார்த்தார். ஈயத்தை மறுநாளே எடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். அன்று ராத்திரி வெற்றி விருந்தில் யாரோ என்னைக் காட்டி யாரென்று கேட்டார்கள்.

"எங்க அண்ணன். பியானோ ரிப்பேர் பண்ணுவாரு. சின்ன வயசுல அவரும் வாசிச்சாரு, பாவம்!" என்று என் தோளில் தட்டினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் கட்டைக்கு நாலு கிராம் ஏற்றினேன்.

அதற்கப்புறம் நாலாவது மாதம், வாசிக்க உட்கார்ந்தாலே அவள் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டன. நிமிரவே இல்லை. "இனிமே வாசிக்கிறதை மறந்துடும்மா" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தவள் மூடியைத் திறக்காமல் பியானோ முன்னால் உட்கார்ந்து அழுதாள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சோம்பேறி விரலுன்னு நீ அப்பவே சொன்னியே அண்ணா. நான்தான் போதுமான அளவு உழைக்காம விட்டுட்டேன்."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டேன். மறுக்கவில்லை.

அந்த வாரமே ஈயத்தையெல்லாம் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். தொழில்புத்தி காலை வாரிவிட்டது அங்கேதான். பியானோவிலிருந்து எதைக் கழற்றினாலும் அது எத்தனையாவது கட்டையுடையது என்று அதன்மேலேயே பென்சிலால் எழுதிவைப்பது என் பழக்கம். சட்டைக்குப் பொத்தான் தைக்க ஊசி தேடிப் போனவள் கையில் அந்த டப்பா அகப்பட்டது. ஒன்றிலிருந்து எண்பத்தெட்டு வரைக்கும் மேஜைமேல் வரிசையாக அடுக்கினாள், இடது கையால்.

"இதையெல்லாம் திருப்பி வை. வச்சுட்டு நீ எட்டு மணி நேரம் வாசி. நான் உக்காந்து கேக்கறேன்" என்றாள்.

மாட்டேன் என்றேன். அதன்பிறகுதான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

என்னால் எப்படி முடியும், நீங்களே சொல்லுங்கள். அவள் நிறுத்திய நாளிலிருந்து நான் தினமும் வாசிக்கிறேன். கட்டை இப்போது பஞ்சு மாதிரி இருக்கிறது. டீச்சருக்கு இன்னும் விஷயம் தெரியாது. அடுத்த மாதம் வந்து என் வாசிப்பைக் கேட்கிறேன் என்றிருக்கிறார். இந்த நேரத்தில் போய் அவ்வளவு கனத்தில் வாசித்தால் விரல் என்னத்துக்கு ஆகும்?