மாப்பிள்ளை ஏறும் காரில் புகை

பஞ்சநதம்: இங்க இருக்குறது மூணே பேர். நான், எம் பொண்ணு வானதி, மெக்கானிக் லியாகத் அலி. நாலாவது ஆளுக்கு விஷயம் போகக்கூடாது, பாய்.

லியாகத்: உங்க கார் கரும்புகை விட்டது குத்தாலத்துக்கே தெரியுமேங்க...

பஞ்சநதம்: லேசாத்தான் விட்டுச்சு.

வானதி: நிச்சயதார்த்தத்தன்னிக்குப் பின்னாடி நின்ன சம்பந்தி வேட்டி கறுத்துப்போச்சேப்பா!

பஞ்சநதம்: கல்யாணப் பொண்ணு, நீ சும்மா இரு. பாய், வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. சதீஷ் இந்தக் கார்லதான் ஊர்வலம் வரணும். வாடகைக் காருன்னா எனக்கு மானம் போச்சு.

லியாகத்: இன்ஜின்ல கரி அடைச்சிருக்குங்க. பிரிச்சுச் சுரண்டலாம்...

பஞ்சநதம்: தெருவே வேடிக்கை பாக்கவா?

லியாகத்: காத்து போற குழாயில ஸ்பிரே அடிக்கலாம்...

பஞ்சநதம்: எதையாவது அரிச்சுத் தொலைச்சா?

லியாகத்: அப்ப இந்த பாட்டில் கிளீனர்தான். டீசல் டேங்க்ல ஊத்திட்டு, ஒரு மணி நேரம் நல்லா விரட்டணும்.

பஞ்சநதம்: விரட்டுறதா? நான் இருபதைத் தாண்டினதே இல்ல.

வானதி: அதான் கரி. வீடு, கோயில்... கோயில், வீடு.

பஞ்சநதம்: வேகமாப் போனா யாரு வண்டின்னு எவனுக்குத் தெரியும்? ஆமா... பாட்டில் காலியா இருக்கே?

லியாகத்: இது... சும்மா காட்டுறதுக்குங்க.

வானதி: பாய், ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்.

பஞ்சநதம்: மெதுவா... அட, புகையையே காணோம்! இன்னும் மிதிங்க... இல்லியே!

லியாகத்: சில வண்டி தானா சரியாயிடும்ங்க...

பஞ்சநதம்: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

லியாகத்: டேங்க் மூடி இறுகியிருக்கான்னு பாத்துட்டு வந்துடுறேங்க...

பஞ்சநதம்: அப்ப வானதி, நம்ம தெரு ரெத்தினம் கடைத்தெருவுல சொன்னது? நேத்து நான் பஸ் ஏறி தாராசுரத்துக்குப் பத்திரிகை வைக்கப் போன நேரத்துல, சதீஷ் உன்னை இந்தக் கார்ல வச்சுக்கிட்டு பூம்புகார் ரோட்டுல நூறுல பறந்தானாம். தாலி ஏறாம எம் பொண்ணு அப்படிப் போவாளான்னு ரெத்தினம் சட்டையைப் பிடிச்சுட்டேன். பொய்தானேம்மா?

வானதி: சுத்தப் பொய்ப்பா. எண்பதுதான். பாட்டிலை ஊத்தினது பாய், ஓட்டினது நான். உங்க மாப்பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாரு.