இராமையாவின் தெளிவான படம்

சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அது தெளியாது. படத்தில் இல்லாத விவரம் இழுப்பதால் வந்துவிடாது. நான் பௌதிகவியல் பட்டதாரி. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஹட்டனில் இஸ்ஸதீன் நானாவின் அச்சகத்தில் பேனர் வடிவமைப்பது என் வேலை. வருகிற படம் சிறியதாக இருந்தால் அதையே இணையத்தில் கொடுத்துத் தேடுவேன். அதே படத்தின் பெரிய பிரதி எங்காவது இருந்தால் வந்துவிடும். பிள்ளையாருக்கு வரும், ரோஜாப்பூவுக்கு வரும். இராமையாவுக்கு வரவில்லை.

இராமையா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய கருமாதிக்கு ஆறடி பேனரும், வீட்டில் மாட்ட ஒரு பிரேம் போட்ட படமும் வேண்டுமென்று மகன் தர்ஷன் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தார். தபால்தலை அளவுதான் தேறியது. தேடியபோது இராமையா கிடைக்கவில்லை. ஒத்த படங்கள் என்று வேறொருவர் கிடைத்தார். அதே மீசை, அதே வெள்ளைச் சட்டை, அதே பாதிச் சிரிப்பு. நாலாயிரம் பிக்சல் அகலம். காது மட்டும் கொஞ்சம் பெரிது. எந்த அளவீட்டிலும் சிறு வழு உண்டு. அச்சிட்டேன்.

வாங்கிப் போக இராமையாவின் மனைவி ராசம்மா வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கன்னத்துல ஒரு மச்சம் இருந்துச்சே, புள்ள?"

"படத்தைத் தெளிவாக்கினா அழுக்கெல்லாம் போயிரும்மா."

"அடக் கடவுளே. நாப்பது வருசமா அழுக்கையா மச்சம்னு நெனச்சேன்?"

சந்தோஷமாகத்தான் போனார். அதை இங்கே பதிந்துவைக்க விரும்புகிறேன்.

பிறகு தோட்டத்தின் மற்ற லய வீடுகளிலிருந்தும் வந்தார்கள். இராமையா அண்ணனுக்குச் செய்த மாதிரியே பளிச்சென்று வேண்டும் என்றார்கள். மறுத்துப் பேச எனக்கு வராது. பழனியாண்டிக்குப் போர்த்துக்கலில் ஒரு மீனவர் பொருந்தினார். நாகலெட்சுமிக்காகப் பெரு நாட்டுப் பெண்மணி ஒருவருக்கு மூக்குத்தி வரைந்தேன். மொத்தம் பத்தொன்பது பேர். படத்தில் இருக்க வேண்டியவர்களில் ஒருவர்கூட முறைப்பாடு செய்யவில்லை.

போன வாரம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரப் பலகை வைத்தார்கள். அதில் என் இராமையா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இணையத்தில் கிடைத்தவர் விளம்பரங்களுக்குப் படம் கொடுப்பவர் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ராசம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அச்சகத்துக்கு வந்தார்.

"முட்டி வலின்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. ஊருக்கே சொல்லியிருக்காரு. இது எப்ப புடிச்ச போட்டோ, புள்ள?"

நான் கணினியில் வேறொரு பேனரின் ஓரத்தைச் சரிசெய்தேன்.

"சும்மா சும்மா டவுனுக்கு ஓடுவாரு. இங்க அவருக்கு வேற யாரும் இருந்தாங்களா? தெரிஞ்சா மறைக்காம சொல்லு."

இல்லை என்றால், அப்படியானால் அந்தப் படம் எப்படி வந்தது என்று கேட்பார். அதற்கு நிறையப் பேச வேண்டியிருக்கும். ஆகவே ஆமென்று தலையாட்டினேன். ஒருமுறைதான்.

அன்றே அவர் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். விளக்கும் ஏற்றுவதில்லை. சமைத்ததைத் தொடுவதில்லை என்று தர்ஷன் வந்து நானாவிடம் சொன்னார்.

"என்ன நடந்திச்சின்னு வாயால சொல்ல வரல்லன்னா எழுதியாவது தாங்க, பிரேமினி," என்றார் நானா. "அந்த அம்மாக்கு நானே வாசிச்சுக் காட்டுறேன்."

எழுதுகிறேன். முழங்காலைப் பிடித்திருப்பவர் இராமையா இல்லை. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் இராமையா இல்லை. இராமையாவுக்கு டவுனில் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது. தலையாட்டியது பொய்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். பெரிய படம் தர்ஷனுடைய போனிலேயே இருந்தது. டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் வந்திருக்கும். இது முதல் நாளே எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு அவருக்கு அழைப்பெடுத்துப் பேச வேண்டும். பழக்கமில்லாத ஆண்களிடம் போனில் பேசுவது எனக்குச் சிரமம்.

இன்றைக்குள் தர்ஷனிடம் கேட்டுப் புதுப் படம் அச்சிடும்படி நானா சொல்லியிருக்கிறார். துக்க வீட்டைத் தொந்தரவு செய்யத் தேவையிருக்காது. சிலி நாட்டில் ஒருவர் கிடைத்திருக்கிறார். இவர் எந்த விளம்பரத்திலும் இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.